புல்தரையில் புலி

பிடித்த மீனை மறுபடியும் ஆற்றிலேயே விட்டுவிட்டு வருவதற்கா இவ்வளவு காசு கட்டுகிறாய் என்று அம்மா போனில் கேட்கும்போதெல்லாம், "இங்கே அதாம்மா ரூல்ஸ்" என்று சொல்லிச் சமாளிப்பேன். ரூல்ஸ் உண்மைதான். நான் போகும் துறையில் மாட்டிய ட்ரவுட்டை உயிரோடு விட்டுவிட வேண்டும். ஆனால் விடுவதற்கு முதலில் ஒன்று மாட்ட வேண்டும் அல்லவா? அந்தப் பகுதியை அம்மாவிடம் வெகுகாலம் விளக்காமலே வைத்திருந்தேன்.

சௌத்தாம்ப்டனில் குடியிருப்பவனுக்கு ட்ரவுட் பைத்தியம் பிடிப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. டெஸ்ட், இட்சென் என்ற இரண்டு ஆறுகள் இந்த ஊரை ஒட்டித்தான் கடலுக்குப் போகின்றன. சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிய மழை, வடிகட்டி ஊற்றாக வெளியே வந்து ஆறாக ஓடுகிறது. ஊற்றுத் தண்ணீர் கோடையிலும் குளிரிலும் 10, 11 டிகிரியை ஒட்டியே இருக்கும். கலங்கலும் குறைவு; முழங்கால் ஆழத்தில் கூழாங்கற்களைத் தனித்தனியாகப் பார்க்கலாம். கலங்கிய ஆற்றில் தூண்டில் போடுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு, மீனே இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இங்கே மீன் கண்ணெதிரே வாலை அசைத்துக்கொண்டு நிற்கும். நாம் போட்டதை நோக்கி மெல்ல எழும்பி வந்து, மூக்கருகே வைத்துப் பார்த்து, வேண்டாம் என்று இறங்கிப் போகும். பெண் பார்க்கப் போன காலத்தில்கூட இவ்வளவு தெளிவாக யாரும் என்னை மறுத்ததில்லை. ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்லும் நாகரிகமாவது இருந்தது.

ட்ரை ஃப்ளை என்பது கொக்கியில் இறகும் முடியும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி. தண்ணீர்மேல் மிதக்க வேண்டும். புழு கிடையாது, தக்கை கிடையாது, ஈயக்குண்டு கிடையாது. எடையே இல்லாத அதை எறிய முடியாது என்பதால் கனமான லைனை முன்னும் பின்னும் வீசி, அந்த வேகத்தில் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ட்ரவுட் நீரோட்டத்துக்கு எதிரே தலை வைத்து ஓரிடத்தில் நிற்கும் மீன். பின்பக்கமாக, கீழ்நீரிலிருந்து குனிந்து போய், அதன் தலைக்கு ஒரு முழம் மேலே பூச்சியை இறக்கினால் போதும். ஆறே கொண்டுபோய் ஊட்டிவிடும். படிக்கும்போது எவ்வளவு சுலபம்!

அந்தப் படிப்புதான் வினை. இந்தக் கலைக்கு வேதம் எழுதியவர் ஃப்ரெடரிக் ஹால்ஃபோர்ட். 1886இல் ஒரு புத்தகம், 1889இல் இன்னொன்று. ஆற்றில் அன்று எந்தப் பூச்சி மிதக்கிறதோ, அதன் நிறத்தையும் அளவையும் அப்படியே நகலெடுத்த ஃப்ளைதான் வேண்டும், மேலெழும்பி உண்ணும் மீனைக் கண்ணால் பார்த்த பிறகே வீச வேண்டும் என்பது அவர் கட்சி. ஒரு குளிர்காலம் முழுக்க இதைப் படித்துவிட்டு, வசந்தம் வருவதற்குள் டப்பா டப்பாவாக வாங்கிக் குவித்தேன். ஒரே பூச்சியின் ஆணுக்கு ஒரு ஃப்ளை, பெண்ணுக்கு ஒரு ஃப்ளை. 14, 16, 18 என்று எண் ஏற ஏறக் கொக்கி சிறுத்துக்கொண்டே போகும். 18இல் நரம்பைக் கோக்க வேண்டுமானால் மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி வேண்டும். சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தபோது மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, எல்லாம் ஒண்ணுபோலதானே இருக்கு?" ட்ரவுட்டின் அபிப்பிராயமும் ஏறக்குறைய அதுவே என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்தது வீச்சு. வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில், கொக்கிக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டிக்கொண்டு பழகினேன். மணிக்கட்டு மடங்கக் கூடாது. மடக்குகிறவர்கள் ராடின் அடிப்பாகத்தைச் சட்டைக் கைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். ராட், கடிகாரத்தின் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில்தான் போய்வர வேண்டும். பின்னால் போன லைன் முழுக்க நீளும்வரை பொறுக்க வேண்டும். பொறுக்காமல் முன்னே இழுத்தால் 'சடக்' என்று ஒரு சத்தம், நுனியில் கட்டியது காணாமல் போயிருக்கும். என் பிள்ளைகள் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு எனக்குத் தெரியாதவர்கள்போல ஊஞ்சல் பக்கம் போய்விட்டார்கள். நான் விடவில்லை. 20 மீட்டருக்கு, விரித்த வேட்டிக்குள் நூலை இறக்கும் அளவுக்குத் தேறினேன். நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க வரும் ஒரு பெரியவர் நின்று கைதட்டினார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆற்றில் இந்த 20 மீட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்ய? எதிர்க்கரையை மனதில் வைத்து நான் விறுவிறுவென்று நடந்து போய் நின்ற இடத்தில்தான், கரையோரப் புல்லுக்கடியில், மீன்கள் காலை உணவில் இருந்தன. என் காலடிக்குக் கீழிருந்து அம்புக்குறிபோல அலைகள் கிளம்பி மேல்நீருக்குப் போனதை நான் ஆற்றின் அழகு என்று ரசித்தேன். மைதானத்தில் ஆல்டர் மரமும் கிடையாது. இங்கே பின்வீச்சு முழுவதும் அதற்கே காணிக்கை. என் டப்பாவிலிருந்த ஆண்பூச்சி, பெண்பூச்சி எல்லாம் அந்தக் கிளைகளில் குடும்பம் நடத்துகின்றன.

மரம் விட்டுவைத்த வீச்சுகளும் உருப்படவில்லை. நான் பெருமைப்பட்ட அந்த நேர்க்கோடுதான் காரணம். நடு ஆற்றில் ஓட்டம் வேகம், கரையோரத்தில் மெதுவு. லைன் குறுக்கே விறைப்பாக விழுந்தால், நடுநீர் அதை வளைத்து இழுக்கும். அது தன் நுனியில் கட்டிய மெல்லிய நரம்பான லீடரை இழுக்கும். லீடர் ஃப்ளையை இழுக்கும். இரண்டு நொடிக்குள் ஃப்ளை தனக்குப் பின்னால் ஒரு சிறு கோடு கிழித்துக்கொண்டு குறுக்கே ஓடும். ட்ராக் என்பார்கள். உண்மையான பூச்சி அப்படி நீந்தாது. இறகு காயும்வரை தண்ணீர் போகிற போக்கில் போகும். கோடு தெரிந்தால்கூடப் பரவாயில்லை, பத்து மீட்டருக்கு அப்பால் நம் கண்ணுக்குத் தெரியாத இழுப்பும் உண்டு. மீனுக்குத் தெரியும். நானோ ஒவ்வொரு மறுப்புக்கும் ஃப்ளையை மாற்றினேன். நிறம் சரியில்லை, அளவு சரியில்லை, ஹால்ஃபோர்ட் சரியில்லை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

துறையைப் பராமரிக்கும் ரிவர் கீப்பர் ஒருவர் ஒரு மதியம் என் முதுகுக்குப் பின்னால் வெகுநேரம் நின்றிருக்கிறார். கடைசியில் அவர் ஃப்ளையின் பெயரைக் கேட்கவில்லை, அதன் பக்கத்தில் வரும் நுரைக்குமிழியைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். குமிழியும் ஃப்ளையும் ஒரு சாண் இடைவெளியில் சேர்ந்தே கிளம்பின. கொஞ்ச தூரத்தில் குமிழி தன் பாட்டுக்கு மீனைப் பார்த்துப் போக, ஃப்ளை மட்டும் பின்தங்கி, விலகி, வேறு பக்கம் திரும்பியது. அதுவரை நான் ஃப்ளையைத் தவிர வேறு எதையும் தண்ணீரில் பார்த்ததில்லை. குமிழியைப் பிரியாத ஃப்ளைதான் சாப்பாடு என்று சொல்லிவிட்டு அவர் களை வெட்டப் போய்விட்டார். நான் அடுத்த வீச்சில் அவர் தலைக்கு மேலிருந்த கிளையைப் பிடித்தேன்.

குறி விஷயத்திலும் என் கணக்கு தாராளம். மீனுக்கு ஒரு மீட்டர் தள்ளி விழுந்தால் 'கிட்டத்தட்ட' என்று தோளைத் தட்டிக்கொள்வேன். தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் கண்ணுக்கு வெளியுலகம் ஒரு வட்ட ஜன்னல் வழியாகத்தான் தெரியும். சுற்றிலும் கண்ணாடிபோல ஆற்றின் அடித்தரையின் பிம்பம். ஒளி வளையும் கணக்குப்படி அந்த வட்டம் ஆழத்தைப்போல இரண்டேகால் மடங்கு அகலம். 15 செ.மீ. ஆழத்தில் நின்று உண்ணும் மீனுக்கு 34 செ.மீ. ஜன்னல், அவ்வளவுதான். என் 'கிட்டத்தட்ட' எல்லாம் பக்கத்துத் தெருவில் விழுந்தவை.

இன்னொரு மாலை முழுவதையும் ஸ்க்யூஸ் வாயில் போட்டேன். லண்டன் வக்கீலான ஜி.ஈ.எம். ஸ்க்யூஸ் வின்செஸ்டர் அருகே இட்சென் ஆற்றில் மீன் பிடித்தவர். மேலே மிதப்பதைத் தின்பதுபோல வட்டம் போடும் மீன் பல நேரம் தின்பது மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரும் இளம்பூச்சியை என்று 1910இல் புத்தகம் எழுதி, ஹால்ஃபோர்ட் கட்சியினரின் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டார். 1938இல் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் இதற்கென்றே விவாதம் நடந்தது. பெரியவர்கள் மோதிக்கொண்டதை விடுங்கள், அடையாளம் சுலபம். மிதக்கும் பூச்சியை எடுத்தால் வட்டத்தின் நடுவே பெரும்பாலும் ஒரு குமிழி மிஞ்சும். கீழே எடுத்தால் முதுகும் துடுப்பும் புரளும், குமிழி இருக்காது. அன்று மாலை என் எதிரே முதுகாகவே புரண்டது. நான் இருட்டும்வரை மிதக்கும் ஃப்ளையையே போட்டு, ஆற்றில் மீன் நிறைய இருக்கிறது என்று வீட்டில் வந்து சொன்னேன்.

மே நடுவிலிருந்து ஜூன் தொடக்கம்வரை பெரிய மேஃப்ளை வெளிவரும். இரண்டு வருஷம் சேற்றுக்குள் கிடந்துவிட்டு, வாய்க்கு வேலையே இல்லாமல் ஓரிரு நாள் பறந்து சாகிற பூச்சி. அப்போது மீன்கள் புத்தி பேதலித்துத் தின்னும். கற்றுக்குட்டிகூடப் பிடித்துவிடலாம் என்பதால் இந்த ஊரில் அந்தப் பதினைந்து நாளுக்கு மக்குகளின் பருவம் என்றே பெயர். அந்தப் பருவத்தில் என் ஃப்ளையையும் மீன்கள் வாயில் வாங்கின. வாங்கிய கணமே நான் சுண்டினேன். பெரிய ட்ரவுட் நிதானமாக வாயை மூடிக் கீழே திரும்பும். அதற்குள் இழுத்தால் திறந்த வாயிலிருந்து ஃப்ளையைப் பிடுங்கிவிடுவோம். ராணியைக் கடவுள் காக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லி முடித்துவிட்டு இழு என்பது பழைய பாடம், இப்போது ராஜா. எனக்கு வாயில் வந்தது "முருகா". அது போதவில்லை, மீன் தப்பியது. "திருச்செந்தூர் செந்திலாண்டவா" என்று நீட்டினேன். அதற்குள் மீன் ருசி பார்த்துத் துப்பிவிட்டது. "பழனி முருகா" என்பது சரியாக வந்தது, அப்போது முடிச்சு அவிழ்ந்தது. நரம்பின் நுனி பன்றிவால்போலச் சுருண்டு வந்தால் முடிச்சு வழுக்கியது என்று அர்த்தமாம். இறுக்குமுன் எச்சில் தடவ மறந்திருக்கிறேன்.

மாட்டிய முதல் மீனில் என் பங்கு எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்வீச்சில் காற்று அடித்தது. லைன் நீளாமல் மீனுக்கு மேல்நீரில் கொசகொசவென்று குவியலாக விழுந்தது. திட்டிக்கொண்டே ரீலில் சிக்கியதைப் பிரிக்கக் குனிந்தேன். குவியலின் ஒவ்வொரு வளைவாக ஆறு பிரித்தெடுக்க, ஃப்ளை இழுபடாமல் மிதந்திருக்கிறது. நான் பார்க்காததால் சுண்டவும் இல்லை. நிமிர்ந்தபோது லைன் தானாக மேல்நீருக்கு நடந்துகொண்டிருந்தது. கையை நனைத்துக்கொண்டு பிடித்தேன். வெண்ணெய் மஞ்சள் வயிறு, விலாவில் வெளிர் வளையத்துக்குள் சிவப்புப் பொட்டுகள். தலையை நீரோட்டத்துக்கு எதிரே வைத்து ஏந்தியிருந்தேன், தயாரானதும் போய்விட்டது. படம் எடுக்க மறந்துவிட்டேன் என்று மனைவியிடம் சொன்னபோது அவள் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டாம்.

அந்தக் குவியலை வேண்டுமென்றே விழவைப்பது ஒரு முறையான வித்தையாம். ராடின் நுனியைச் சற்று மேலே நிறுத்திவிட்டுச் சட்டென்று தாழ்த்த வேண்டும். லைன் காற்றில் போகும்போதே ராடை மேல்நீர்ப் பக்கம் சாய்ப்பது இன்னொன்று. ஆக, மறுபடியும் மைதானம், மறுபடியும் சிவப்பு நூல். இம்முறை லைனைக் கோணல்மாணலாக, தொளதொளவென்று, ஏழெட்டு மீட்டருக்குள் விழவைக்கப் பழகுகிறேன். நாய்க்காரப் பெரியவர் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து, போன வருஷம் நன்றாகப் போட்டீர்களே, தோளில் ஏதாவது அடியா என்று இரக்கத்தோடு விசாரித்தார். ஆமாம், கொஞ்ச நாளாக வலி என்றேன். அவருக்குத் தெரிந்த ஒரு பிசியோதெரபிஸ்ட் இருக்கிறாராம். நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.