பீங்கான் மரபியல்

பாயிரத்துக்கு உரிய பதினொன்றனுள் நான்கு இங்கே போதும். எல்லை: பீங்கான் ஊராகிய விருத்தாசலத்துக்கு வடக்கே மங்கலம்பேட்டை, கிழக்கே நெய்வேலிச் சுரங்கம், மற்ற இரு திசையிலும் சரக்கு லாரி போகும் தூரம். நுதலிய பொருள்: புதுமை, நீடித்த தன்மை, படைப்புத் தொழில் எனக் கருத்தரங்குகளில் ஓதப்படும் மூன்று. கேட்போர்: மானியத்துக்கு விண்ணப்பிப்போர். களம்: மங்கலம்பேட்டை டீக்கடைப் பெஞ்சு. பயன் கூறாது விடப்பட்டது.

மண் இருவகைத்து, மீள்வதும் மீளாததும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எட்ட வேண்டுமானால் மேலே கிடக்கும் மண்ணை அகற்றியாக வேண்டும். 1956இல் சுரங்க நிறுவனம் ஏற்பட்ட நாள் தொட்டு இந்தத் தலைவலி உண்டு. அந்த மேல்மண்ணில் வெண்களியும் இருக்கிறது. கரிக்குக் குறுக்கே கிடந்தது பீங்கானுக்கு முதலாயிற்று. களியோடு ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் சேர்த்து பால் மில்லில் நீர் விட்டு அரைத்து, மோர்ப்பதம் வந்ததும் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவர். பிளாஸ்டர் தண்ணீரைக் குடிக்கும். மண் அச்சின் உட்சுவரில் படியும். வேண்டிய கனம் ஏறியபின் மிச்சத்தைக் கவிழ்த்துத் தொட்டியில் விடுவர். ஓரம் சீவியது, காயும்போது வெடித்தது, கைதவறிக் குழல் உடைந்த கிருஷ்ணர், எல்லாம் அதே தொட்டிக்குத்தான். இதுவரை நஷ்டம் கூலி மட்டுமே. சூளையில் ஏறக்குறைய 600 டிகிரியைத் தாண்டிவிட்டால் களியோடு பிணைந்திருந்த நீரும் போய்விடும். அப்புறம் எத்தனை நாள் ஊறப்போட்டாலும் அது குழையாது. ஆகவே மறுசுழற்சி பற்றிப் பேச விரும்புவோர் சூளை மூட்டுமுன் பேசி முடித்துக்கொள்வது நலம்.

சுட்டது நீடிக்காதோ எனின், அதைவிட நீடிப்பது வேறில்லை என்க. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் மண்ணுள் கிடந்த கீழடிப் பானை ஓட்டில் ஆதன் என்ற பெயரை இன்றும் படிக்கிறோம். உடைந்த பீங்கான் ஃபியூஸ் கட்டைகளும் அந்த ஆயுளோடுதான் குப்பைமேட்டில் கிடக்கின்றன, படிப்பதற்குத்தான் ஒன்றுமில்லை.

இனிப் பொம்மை. நூலை முதல், வழி, சார்பு என மூன்றாக வகுத்தனர் முன்னோர். பொம்மைக்கும் அதுவே. கைவினைஞர் தாமே உருச்செய்து அதிலிருந்து அச்செடுத்து வார்ப்பது முதற்பொம்மை. அதைக் கடையில் வாங்கி வந்து, அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்செடுப்பது வழிப்பொம்மை. வழிப்பொம்மைக்கும் அதே கதி நேர்ந்தால் சார்புப்பொம்மை. நூலில் களவு பிடிக்கப் புலவர் வேண்டும். பொம்மையில் பிடிக்க ஸ்கேல் போதும். மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். கலவைக்குத் தக்க மாறினாலும் பத்தில் ஒன்று என்று கொள்வோம். 30 செ.மீ. பிள்ளையாரைப் படியெடுத்தால் 27 செ.மீ. பிள்ளையார் பிறப்பார், அவரிடமிருந்து 24, அவருக்கு அடுத்தவர் 22க்கும் சற்றுக் குறைவு. உயரத்தோடு நுணுக்கமும் போகும். முதலில் தந்தத்தின் கூர், அடுத்து மூஞ்சூறின் மீசை, பிறகு மோதகம் எது விரல் எது என்ற பாகுபாடு. காப்புரிமைச் சட்டம் எட்டாத பட்டறையில் இயற்கை தானாக வந்து பத்து சதவீதம் பிடித்தம் செய்துகொள்கிறது. இவ்விதிக்கு உட்படாதவர் ஆழத்துப் பிள்ளையார் ஒருவரே. விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் படியிறங்கிக் காண வேண்டிய அவரை அச்செடுக்க யாரும் துணியார்.

வழி முதலாவதும் உண்டு. நெதர்லாந்து சின்ன நாடு. சீனத்து வெண்மண் அங்கே இல்லை. டெல்ஃப்ட் நகரத்தார் உள்ளூர்க் களியைச் சுட்டு, வெள்ளீயம் சேர்த்த வெண்மெருகு பூசி, நீலத்தில் சித்திரம் எழுதிச் சீனப் பீங்கான் மாதிரி ஆக்கினர். 1644இல் மிங் அரசு வீழ்ந்த குழப்பத்தில் சீனச் சரக்கு வருவது குறைய, இவர்கள் காட்டில் மழை. நொடித்துப்போன பீர் ஆலைகளில் சூளை வைத்தார்கள். ஆலையின் பெயரைக்கூட மாற்றவில்லை பலர். 1653இல் தொடங்கிய பட்டறை ஒன்று இன்றும் நடக்கிறது. இப்போது அந்த நீலத்துக்கே ஊர்ப்பெயர்தான் பெயர்.

முதலை விட்டு நகராதவர்க்குச் சான்று, 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி. மீக்கர் ஒருபடி மேலே போய், பச்சை மண்ணால் வீடு கட்டி அந்த வீட்டையே சூளையாக்கிச் சுட்டார். அதற்கு அச்செடுப்பது எளிதன்று.

செய்வோர் பருவத்தார், பருவமில்லார் என இருவர். (மண்ணைத் தொடாது மண்ணைப் பற்றிப் பவர்பாயின்ட் காட்டுவோர் மூன்றாமவர், அவர் தனி இயலுக்கு உரியர்.) பருவத்தார் புரட்டாசிக்குக் கொலுவும் கார்த்திகைக்கு விளக்கும் செய்வோர். இவர்தம் முதலீடு மாதக்கணக்கில் பொம்மையாக அலமாரியில் நின்றுகொண்டிருக்கும். பருவமில்லார் மின்பீங்கான்காரர்: இன்சுலேட்டர், கிட்காட் ஃபியூஸ். ஒரு தலைமுறைக்கு முன் இரவில் மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு கிட்காட்டுக்குக் கம்பி சுற்றாத குடும்பத் தலைவர் அரியர். எம்.சி.பி. வந்தது, விசையை மேலே தள்ளினால் வேலை முடிந்தது. பொம்மைக்கு ஆண்டில் ஒரு சீசன்தானே என்று இரங்கியவருக்கு இப்போது அந்தச் சீசனே பெரிதாகத் தெரியும். மில் அதுவே, சூளையும் அதுவே. மாற வேண்டியது அச்சு. புதுமை எனப்படுவது பெரும்பாலும் இவ்வாறு சரக்குத் தேங்கிய கிடங்கிலே பிறப்பது.

அப்படியானால் டீக்கோப்பை செய்யலாமே எனின், செய்யலாம். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பை 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட 14 பொருள்களுள் ஒன்று. 2004இல் அப்போதைய ரயில்வே அமைச்சர் லாலு பிரசாத் ரயிலில் மண்குவளையைக் கொண்டுவந்தார். ஆயினும் பீங்கான் ஊரை ஒட்டிய இந்தக் கடையில் டீ வருவது பேப்பர் கப்பில். பீங்கான் கப்பைக் கழுவுகிறவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்பது கடைக்காரர் எழுப்பும் கடா, விடை கிட்டவில்லை.

இன்னொரு கடாவும் உண்டு. சார்பு தாழ்ந்ததாயின் அது விற்பானேன்? சென்னை அடுக்ககங்களில் ஒன்பது படி கட்ட இடமில்லை. ஷோகேஸில் மூன்று தட்டை ஒழித்துக் கொலு வைப்போர் பலர். தட்டுக்குத் தட்டு இடைவெளி ஓரடிக்குள். 30 செ.மீ. முதற்பிள்ளையாரின் கிரீடம் மேல்தட்டில் இடிக்கும், 22 செ.மீ. சார்புப்பிள்ளையார் சௌகரியமாக உட்காருவார், குடைகூட வைக்கலாம்.