குதிரைக்குப் பக்கத்தில் ஒரு புத்தகம்

கேள்வி: எங்கள் தரம் 4 பிள்ளைகள் கதைப் புத்தகம் தவிர வேறொன்றையும் தொடுவதில்லை. கவிதையும் தகவல் நூலும் வாசிக்க வைப்பது எப்படி?
– ஓர் ஆசிரியை, நெடுந்தீவு

பதில்: ரீச்சர், மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்குக் குதிரை என்றால் படம். உங்கள் பிள்ளைகளுக்கு அது வெட்டையில் மேயும் அயலவர். 'இதுகள் எங்கேயிருந்து வந்தது? கோடையில் தண்ணிக்கு என்ன செய்யும்?' என்று ஒரு பிள்ளை கேட்டால் பாதி வேலை முடிந்தது. பெருக்கு மரப் பொந்துக்குள் நுழைந்து விளையாடுகிறவனிடம், அது ஆபிரிக்க மரம் என்று மட்டும் சொல்லுங்கள். எப்படி வந்தது என்பதைச் சொல்லாதீர்கள். அதைச் சொல்லும் தகவல் நூலில், அந்தப் பக்கத்தில் ஓர் ஓலைத்துண்டைச் செருகி, புத்தகத்தை மேசையில் விட்டுவிடுங்கள். அவனே வந்து எடுப்பான்.

கவிதை காதுவழி போகவேண்டியது. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் 'ஆடிப்பிறப்பு' பாட்டை, ஆடிக்கூழ் காய்ச்சும் நாளிலேயே கைதட்டிப் பாடவிடுங்கள். பாடி முடிந்ததும் அருஞ்சொற்பொருள் எழுதச் சொல்லவேண்டாம், கூழ் ஆறிவிடும். அடுத்த நாள், கொழுக்கட்டையைப் பற்றி நாலு வரி அவர்களே கட்டட்டும். எதுகை பிழைத்தாலும் சிவப்புப் பேனையைத் தொடாதீர்கள்.

புலமைப்பரிசில் பரீட்சைக்கு இது வருமா என்று தாய் தகப்பன் கேட்பார்கள். பிள்ளை எழுதிய அந்த நாலு வரியை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.