வயது கேட்ட நோயும் வயது கேளாத நெருப்பும்

கொரோனாவைச் சபிக்காத வாய் எங்கள் ஊர் தோப்பூரில் இல்லை. ஆனாலும் ஒரு விசயத்தில் அதை மெச்சத்தான் வேணும். எல்லாரையும் தொட்டது, கொல்லுமுன் வயதைக் கேட்டது.

2020இல் பல நாடுகளின் கணக்கைக் கூட்டிப் பார்த்த ஆய்வாளர்கள் சொன்னது இது: தொற்றியவர்களில் 10 வயதுப் பிள்ளைகள் என்றால் லட்சத்துக்கு 2 சாவு. 55 வயதில் ஆயிரத்துக்கு 4. 65இல் ஆயிரத்துக்கு 14. 85இல் நூற்றுக்கு 15. வயது போன உடம்பின் காவற்படை பிந்தித்தான் எழும்பும். எழும்பினாலும் நோயை விட்டுவிட்டுச் சொந்த நுரையீரலையே போட்டு அடிக்கும். சீனி, பிரஷர் கூடவே இருந்தால் கேட்கவே வேண்டாம்.

பிந்தி எழும்பிச் சொந்த உடம்பை அடிக்கிற இந்த வியாதி எங்கள் இலங்கை அரசுக்கும் இருந்தது. 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தது: கொரோனாவில் இறந்தால் எரிக்க வேண்டும், அடக்குவதே வழக்கமான முஸ்லிம்களானாலும். அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. இல்லை, அடக்கிய மையத்து வழியாக நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்றார்கள் நம் மேதைகள்.

எங்கள் பக்கத்து மூத்தம்மாவுக்கு எழுபது தாண்டியிருந்தது. முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு இருமுவா. கேட்டால், "தடிமன்தான் மனே" என்பா. மூச்சு இழுத்தபோதும் சொன்னது ஒன்றுதான்: "ஆஸ்பத்திரிக்கு வேணாம். மவுத்தானா எரிச்சிருவானுகள்." அவசரமாக ஒட்சிசன் தேவைப்பட்ட வயதுக்காரரைத்தான் அந்தச் சட்டம் வீட்டுக்குள் பூட்டியது. நோய் பாதி வேலையைச் செய்தது, வர்த்தமானி மீதியைச் செய்தது.

நோய் அநேகமாக விட்டுவைத்த வயதையாவது விட்டார்களா? 2020 டிசம்பரில், பிறந்து 20 நாளில் இறந்த குழந்தையைப் பெற்றோர் சம்மதமில்லாமல் பொரளையில் எரித்தார்கள். அதை எதிர்த்துச் சனங்கள் மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டினார்கள். அதையும் இரவோடிரவாக அவிழ்த்தார்கள். துணியிலும் கிருமி இருந்திருக்குமோ என்னவோ!

இதே மேதைகளின் அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி, கிருமியை விரட்ட ஆற்றில் மண்பானை போட்டார். கொரோனா மருந்தென்று சொன்ன கேகாலைப் பாணியைக் குடித்தார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று வந்தது. அடுத்த மாதம் மேல் மாகாணத்துப் பொதுமக்களுக்குத் தடுப்பூசி கிடைத்தபோது, 30 முதல் 60 வயதுக்காரருக்கு முதலிடம். நூற்றுக்கு 15 பேர் சாகிற கிழடுகள் பொறுத்திருக்கட்டுமாம்.

2021 பெப்ரவரி கடைசியில் அடக்க அனுமதி வந்தது. ஆனால் சொந்த ஊர் மையவாடியில் அல்ல. தோப்பூர் ஜனாஸாவும் வெருகல், வாகரை தாண்டி, அரசு குறித்த ஓட்டமாவடிக்குத்தான் போக வேண்டியிருந்தது. அங்கே 3,634 பேரை அடக்கினார்கள். முஸ்லிம்கள், இந்துக்கள், பௌத்தர்கள், கிறிஸ்தவர்கள் எல்லாரும் அதில் உண்டு. ஓட்டமாவடி மண்ணுக்கு அடியில் மட்டும் தண்ணீர் ஓடவில்லைபோலும்.

2024 ஜூலையில் அமைச்சரவை எரித்ததற்கு மன்னிப்புக் கேட்டது. அந்தக் குழந்தை இருந்திருந்தால் அப்போது மூன்றரை வயது தாண்டியிருக்கும். செய்த பிழைக்கு உடனே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுக்கிற வயது.