கற்கண்டு முறை

திருத்தணி அருகே கே.ஜி.கண்டிகையில் ஐம்பது வயதில் பியானோ கற்கத் துணிந்த நண்பரைப் பாராட்டத்தான் வேண்டும். அவசரமே இல்லை. ஹேனனின் 60 பயிற்சிகளா, டிரினிட்டியின் எட்டு கிரேடா, செல்போன் செயலியா என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்கிறார். வாசித்துப் பார்த்தால் நடுநிலை கெட்டுவிடுமாம்; கீபோர்டு உறையைக்கூடப் பிரிக்கவில்லை. பக்கத்து வீட்டார் இந்த முறையை மனதார ஆதரிக்கிறார்கள்.

கடைசியில் உள்ளூர் முறையே தேறியது. திருத்தணியில் முருகன் முதியவராக வந்து முத்துசுவாமி தீட்சிதர் வாயில் கற்கண்டு போட, உடனே கீர்த்தனை பிறந்ததாக ஐதீகம். அவர் மேற்கத்திய மெட்டுகளுக்கும் சாகித்தியம் செய்தவர்; ஆகவே பியானோவுக்கும் செல்லும். கட்டணமில்லை, கிரேடில்லை, 365 படிதான்.

ஏறினார். கண்ணை மூடி வாயைத் திறந்தார்.

"ஏங்க, டாக்டர் சர்க்கரை 280னு சொல்லியிருக்காரு. வாயை மூடுங்க," என்றார் மனைவி.