தார்சாவில் விமான இறக்கை செய்வது எப்படி?

வீட்டு விமானம் நமக்குப் புதுசில்லை. 1910-லேயே மெட்ராசில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ், கோச்சு வண்டி கட்டும் சிம்சன் கம்பெனியில் சொல்லி ஒன்று செய்யவைத்துப் பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். மும்பை விமானி அமோல் யாதவ், குடியிருந்த கட்டடத்தின் மொட்டைமாடியிலேயே ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டினார். அதைக் கீழே இறக்கக் கிரேன் வர வேண்டியிருந்தது. நாம் அந்தத் தப்பைச் செய்யப்போவதில்லை.

தேவையான பொருட்கள்

திருநெல்வேலி டவுனில் பழைய வீடு – 1
விமானத்துக்கான அலுமினியத் தகடு (பாத்திரக்கடைச் சரக்கு உதவாது)
அரைக்கால் இஞ்ச் ரிவிட்டு – ஆயிரக்கணக்கில்
அம்பை 16 அரிசி, 25 கிலோ மூட்டை – 69
மச்சினன் – 1

செய்முறை

1. இடம் பிடித்தல். டவுன் வீடுகளைக் கட்டியவர்கள் தீர்க்கதரிசிகள். தெருவில் நின்று பார்த்தால் தார்சா, பட்டாசாலை, இரண்டாங்கட்டு, அடுக்களை எல்லாம் தாண்டிப் புறவாசல் தெரியும். நாலு மீட்டர் இறக்கை நேராக உள்ளே போய் நேராக வெளியே வந்துவிடும். ஊஞ்சலை மட்டும் கழற்ற வேண்டும். அதை ஆச்சியிடம் யார் சொல்வது என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.

2. எலும்புக்கூடு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடும் உத்திரம் ஸ்பார். அதில் வரிசையாக நிற்கும் விலா எலும்புகள் ரிப். ரிப்பின் வடிவம் பிடிபடவில்லையென்றால், பணகுடிப் பக்கம் டிரெய்லரில் போகும் காற்றாலை இறக்கையைப் பாருங்கள். அதுவும் ஒரே குலம்தான். விமான இறக்கையின் நுனியை ஒன்றிரண்டு டிகிரி கீழ்நோக்கி முறுக்குவார்கள். வேகம் குறைந்து இறக்கை தூக்க முடியாமல் போகும்போது, உடலோடு சேரும் அடிப்பக்கம் முதலில் கைவிடும். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் நுனிப்பக்கத்து மடல், எய்லரான், கடைசிவரை சொன்னதைக் கேட்கும். உங்கள் கைக்கோணலால் வந்த முறுக்கையும் இந்தக் கணக்கில் எழுதலாம். ஆனால் அடுத்த இறக்கையிலும் அதே கோணல் அச்சாக வந்திருக்க வேண்டும்.

3. ரிவிட் அடித்தல். நம்மூரில் இதற்கு வேறு அர்த்தம் உண்டு. இங்கே அடிப்பது தகட்டுக்கு. ஒருவர் வெளியே துப்பாக்கியை அழுத்த, இன்னொருவர் உள்ளே கையை விட்டு இரும்புக் கட்டியை முட்டுக் கொடுக்க வேண்டும். தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவரைப் போல, இவர் சறுக்கினால் எல்லாம் சறுக்கும். இந்த வேலைக்குத்தான் மச்சினன். அரைக்கால் இஞ்ச் ரிவிட்டு தகட்டைத் தாண்டி மும்மாகாணி நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நசுங்கிய தலை மும்மாகாணி அகலம், மாகாணி உயரம். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு படித்த தாத்தா யாராவது இருந்தால் பக்கத்தில் உட்காரவையுங்கள். தலை சாய்ந்துவிட்டால் துளைபோட்டு எடுத்துவிட்டு மறுபடி. “அத்தான், இது லேசாத்தானே சாஞ்சிருக்கு?” என்று உள்ளேயிருந்து குரல் வரும். அதற்கு மயங்கக் கூடாது.

4. டேங்க். பெட்ரோல் இறக்கைக்குள்ளேயே இருக்கும். இடுக்கெல்லாம் பூசும் சீலன்ட்டில் கந்தகக் கூட்டு உண்டு. பூசிய அன்று அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். சைவ வீடாக இருந்தால் ஆச்சி இரண்டு நாள் உங்களோடு பேச மாட்டாள். மூன்றாம் நாள் பேசுவாள். அது இதைவிட மோசம்.

5. பாரம் ஏற்றுதல். பறக்கும்போது காற்று இறக்கையை மேலே தள்ளும். ஆகவே இறக்கையைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை இரும்புச் சட்டத்தில் முடுக்கி, மேலே பாரம் அடுக்க வேண்டும். வழக்கமாக மணல் மூட்டைதான். குறுக்குத்துறையில் தாமிரபரணி மணலை மூட்டை கட்டினீர்களானால், விமானம் கிளம்புவதற்கு முன்னால் நீங்கள் ஸ்டேஷனில் இறங்குவீர்கள். எனவே அரிசி. 600 கிலோ விமானம் என்றால் அதன் எடையைப்போல் 3.8 மடங்கு தாங்க வேண்டும். ஓர் இறக்கைக்கு 46 மூட்டை. இறக்கிய பிறகு வளைவு மிச்சமிருக்கக் கூடாது. அதற்கு மேல் இன்னொரு பாதி சேர்த்து 69 மூட்டை: மூன்று விநாடி முறியாமல் நின்றால் போதும். மூட்டைகளை நுனியில் குவிக்காமல் அடிப்பக்கம் கூடுதலாக அடுக்குங்கள். முறிந்தால் பொங்கிச் சாப்பிடலாம்.

6. காகிதம். அமோல் யாதவின் விமானம் 2016-ல் மும்பைக் கண்காட்சிக்கு வந்தது. விடி-என்எம்டி என்ற பதிவு எண் 2017-ல் வந்தது. பறக்க அனுமதி 2019-ல். இத்தனைக்கும் அவர் தொழில்முறை விமானி. நமக்கோ ஒரு பக்கம் மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜின். இன்னொரு பக்கம் விஜயநாராயணத்தில் கடற்படை. கிழக்கே வாகைக்குளம் விமானநிலையம். மனு எழுதும்போது எல்லாரையும் கும்பிட்டுக்கொள்ளுங்கள்.

பரிமாறும் முறை

புது விமானத்தின் முதல் பறப்பில் ஓட்டுகிறவர் மட்டும்தான் உட்காருவது வழக்கம். இரண்டாவது சீட்டுக்காக இத்தனை வருஷம் இறக்கைக்குள் கையை விட்டுக் காது கிறுகிறுக்க முட்டுக் கொடுத்த மச்சினனிடம் இதைச் சொல்வதற்குத் தகுந்த நேரம், கடைசி ரிவிட்டு அடித்த பிறகு.