இடைவேளையில் திரைக்கதை திருத்துபவர்

இடைவேளைக்கு விளக்கைப் போட்டதும் அவர் இந்தப் பக்கம் திரும்புவார். பாப்கார்ன் வாங்க எழுந்தவரையும் கையைப் பிடித்து உட்கார வைப்பார். "இவனுங்க என்ன பண்ணியிருக்கணும்னா..." ஆரம்பித்தாயிற்று. ஹாலிவுட்காரர்கள் இடைவேளையே இல்லாமல் எடுத்த படத்தை நம் ஊர் தியேட்டர்கள் நடுவில் நிறுத்துவது கேன்டீன் வியாபாரத்துக்காக என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை, இவருக்காகத்தான். இருபது முப்பது வருஷம் காத்திருந்து வந்த சயின்ஸ் ஃபிக்‌ஷன் படத்தின் அடுத்த பாகம் எந்த சீனில் தடம் மாறியது, யாரைச் சாகடித்திருக்கக் கூடாது, யாரை முதல் பத்து நிமிஷத்திலேயே சாகடித்திருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் இவரிடம் திருத்தம் தயார். மிச்சப் பாதியை இன்னும் பார்க்கவில்லையே என்பதெல்லாம் ஒரு தடையே அல்ல. அதையும் சேர்த்துத்தான் திருத்துகிறார்.

இந்தத் திருத்தம் அந்தப் பதினைந்து நிமிஷத்தில் முளைத்தது என்று நினைத்தால் அவரைக் குறைத்து மதிப்பிடுகிறோம். 'ட்ரான்' 1982இல் வந்தது, 'ட்ரான்: லெகஸி' 2010இல். இடைப்பட்ட 28 வருஷமும் அடுத்த பாகத்தின் படப்பிடிப்பு ஓயாமல் நடந்துகொண்டுதான் இருந்தது, இவர் தலைக்குள். அந்தப் படப்பிடிப்பில் பட்ஜெட் பிரச்சினை இல்லை, கால்ஷீட் தகராறு இல்லை, ஜெஃப் பிரிட்ஜஸுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. டிஸ்னிக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. அறுபதைத் தாண்டிவிட்ட நடிகருக்குக் கம்ப்யூட்டரில் இளமை முகம் செய்து 'க்ளூ' என்ற பாத்திரத்துக்குப் பொருத்தினார்கள். "பிளாஸ்டிக் மூஞ்சி" என்றார் நம்மவர். நியாயமான புகார்தான். வேறு என்ன செய்திருக்கலாம் என்று கேட்டால் மட்டும், "அதெல்லாம் செய்யலாம் சார், மனசு வேணும்" என்பார். முதல் படத்தில் கம்ப்யூட்டரே வரைந்த காட்சிகள் மொத்தம் இருபது நிமிஷத்தைத் தாண்டாது. 1982இல் அதைப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள், ஏனென்றால் அப்படி ஒன்றை அதுவரை யாரும் பார்த்ததில்லை. 2010இல் சோப்பு விளம்பரத்துக்கே கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் வந்துவிட்டது. இவருக்கு வேண்டியதோ அதே வாயடைப்பு. முதல் முறை பார்க்கும் அனுபவத்தை இரண்டாம் முறை கொடுக்கச் சொல்கிறார். எந்த டைரக்டரால் முடியும்?

போலீஸ் கதைக்கோ காமெடிக்கோ இந்தத் தொல்லை இல்லை. அங்கே பழைய சுவையையே மறுபடியும் பரிமாறினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சயின்ஸ் ஃபிக்‌ஷன் ரசிகர் தேடி வருவது காணாததைக் காணும் பரவசம். அது ஒரு தடவைக்குத்தான். அதற்குப் பிறகு கையில் மிஞ்சுவது கேள்விகள். படம் சொல்லாமல் விட்ட இடங்களை ரசிகர் தன் கற்பனையால் நிரப்ப ஆரம்பிக்கிறார். வருஷம் ஏற ஏற அந்த நிரப்பல் கெட்டிப்பட்டு, முதல் படத்தின் பகுதியாகவே ஆகிவிடுகிறது. அடுத்த பாகம் வந்து அதே இடத்தில் வேறொன்றை வைக்கும்போது, தன் சொத்தில் யாரோ அத்துமீறி வீடு கட்டிவிட்டதாக அவருக்குக் கோபம் வருகிறது. படம் நன்றாக இருந்தாலும் வரும். காத்திருப்பு நீண்டால் ஏமாற்றமும் பெரிதாவது ஏன் என்பதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான்.

'ஸ்டார் வார்ஸ்' கதையைவிட இதற்கு நல்ல சாட்சி கிடையாது. 1983க்குப் பிறகு 16 வருஷம் படமே இல்லை. 1998 நவம்பரில் 'தி ஃபேன்டம் மெனஸ்' ட்ரெய்லரை வேறு படங்களோடு சேர்த்துத் திரையிட்டார்கள். முழு டிக்கெட் வாங்கி, ட்ரெய்லரை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போனவர்கள் உண்டு. 1999 மே மாதம் வரவேண்டிய படத்துக்கு, லாஸ் ஏஞ்சலிஸின் சைனீஸ் தியேட்டர் வாசலில் ஏப்ரலிலேயே வரிசை கட்டி உட்கார்ந்தார்கள். இந்த வரிசைப் பழக்கம் எவ்வளவு முற்றியது என்றால், 2005இல் 'ஃபேன்டம் மெனஸ்' தொடங்கிவைத்த தொகுப்பின் மூன்றாவது படத்துக்கும் அதே தியேட்டர் வாசலில் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள், படம் அங்கே திரையிடப்படப் போவதில்லை என்று தெரிந்தும். காத்திருப்பதற்குப் படமே தேவையில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டவர்களை ஜார்ஜ் லூகாஸ் எப்படித் திருப்திப்படுத்துவார்? 1977 படத்தில் 'குளோன் யுத்தம்' என்று போகிற போக்கில் ஒரு குறிப்பு வரும். அந்த ஒற்றை வரியில் ரசிகர்கள் ஒரு மகாபாரதமே எழுதி வைத்திருந்தார்கள். 1999இல் திரையில் முதலில் ஓடிய எழுத்துகள் சொன்னதோ வணிகப் பாதை வரி பற்றிய தகராறு. அதைவிடப் பெரிய அடி 'ஃபோர்ஸ்'மேல் விழுந்தது. விளக்கமே இல்லாமல் இருந்ததால் மகிமை பெற்றிருந்த அந்தச் சக்தி, இப்போது உடம்பில் 'மிடிக்லோரியன்' என்ற நுண்ணுயிர் எத்தனை என்ற கணக்காகிவிட்டது. வெறும் வயிற்றில் சர்க்கரை பார்ப்பதுபோல் சிறுவனிடம் ரத்தம் எடுத்து எண்ணிச் சொல்கிறார்கள். நம்மவர் இதை இன்றுவரை மன்னிக்கவில்லை. நானும்தான்.

இப்படி விளக்கிக் கெடுப்பது ஒரு படத்தோடு நிற்கவில்லை. ரிட்லி ஸ்காட்டின் 'ஏலியன்' படத்தில், 1979இல், பாழடைந்த விண்கலத்தில் ராட்சத உருவம் ஒன்று இருக்கையோடு கல்லாகிக் கிடக்கும். நெஞ்செலும்பு உள்ளிருந்து வெளியே வெடித்திருக்கும். அது யார், எங்கிருந்து வந்தது, ஒரு வார்த்தை கிடையாது. 33 வருஷம் கழித்து அதே டைரக்டர் 'ப்ரொமீதியஸ்' எடுத்துச் சொன்னார்: நாம் பார்த்தது ஒரு கவசம், உள்ளே இருந்தவன் வெளுத்த நிறத்தில் உயரமான ஒரு ஆசாமி. அவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றியதே தவிர நடுக்கம் வரவில்லை. 1968இல் குப்ரிக் எடுத்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'க்கும் இதே கதி. ஹால் என்ற கம்ப்யூட்டர் ஏன் கொலைகாரனானது என்று அவர் சொல்லவில்லை. 1984இல் பீட்டர் ஹையம்ஸின் '2010' சொன்னது: பயணத்தின் உண்மையான நோக்கத்தைக் குழுவிடம் மறைக்கும்படி அதற்கு உத்தரவு, தகவலைத் திரிக்காமல் தருவதோ அதன் இயல்பு, இரண்டும் மோதியதில் மூளை குழம்பிவிட்டது. சரியான விளக்கம். நல்ல படமும்கூட. ஆனால் ஹாலின் சிவப்புக் கண்ணைப் பார்த்தால் இப்போது பயம் வருவதில்லை, பரிதாபம்தான் வருகிறது. நம்மவருக்கு '2010' மேல் இன்னொரு வழக்கு உண்டு. இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் தன் நாவலில் ஹாலை உருவாக்கிய விஞ்ஞானிக்கு சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை என்று மூச்சு வாங்கும்படி பெயர் வைத்தார். படத்தில் வெறும் டாக்டர் சந்திரா. நடித்தவர் பாப் பலபன் என்ற அமெரிக்கர். "பிள்ளைவாளை என்ன பண்ணிட்டானுங்க பாருங்க!" இந்த ஒரு வழக்கில் மட்டும் அவருக்காக நான் இலவசமாக வாதாடத் தயார்.

இந்த இடத்தில் அவர் சும்மா இருக்கமாட்டார். "அப்போ 'ஏலியன்ஸ்'? 'டெர்மினேட்டர் 2'?" என்று மேஜையைத் தட்டுவார். நல்ல கேள்வி. இரண்டும் ஜேம்ஸ் கேமரூன் எடுத்தவை, இரண்டும் ஏழு வருஷ இடைவெளியில் வந்தவை, இரண்டையும் கொண்டாடாதவர் குறைவு. அவற்றில் கேமரூன் என்ன செய்தார்? பேய்வீட்டுக் கதையாக இருந்த 'ஏலியன்' 1986இல் போர்க்களப் படமாகியது. 1984இல் துரத்தித் துரத்திக் கொல்ல வந்த இயந்திரம் 1991இல் பையனுக்குக் காவலாக நின்றது. முதல் படம் விட்டுவைத்த புதிர்களை அவர் பெரும்பாலும் தொடவே இல்லை. அத்தனை முட்டைகளையும் இட்டது யார் என்ற ஒன்றுக்குப் பதில் கொடுத்தார், அதையும் வகுப்பெடுக்காமல் ஒரு ராணியாகக் கொண்டுவந்து கதாநாயகி முன் நிறுத்தினார். முந்தைய பாகத்துக்கு 30 வருஷம் கழித்து 2015இல் வந்த 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' இன்னும் துணிச்சல். மேக்ஸாக நடித்த பழைய நடிகரே இல்லை, நின்று நிதானமாக விளக்குகிற ஒரு காட்சி இல்லை. ஆறு ஆஸ்கர் வாங்கியது. ஃப்யூரியோசாவின் ஒரு கை எங்கே போனது என்று அதில் யாரும் கேட்கவில்லை. 2024இல் அதைச் சொல்லவே ஒரு படம் எடுத்தார்கள். மோசமில்லாத படம், தியேட்டரில்தான் கூட்டம் இல்லை. ஆகவே அவர் சொல்லும் விதிவிலக்குகள் என் பக்கத்துச் சாட்சிகளாகவே மாறிவிடுகின்றன.

படக் கம்பெனிகளின் பேராசையை விட்டுவிட்டு, பாவம் ரசிகனைப் பிடித்து உலுக்குவதா என்று யாரும் கேட்கலாம். பேராசை உண்டு, மறுக்கவில்லை. 'இண்டிபெண்டன்ஸ் டே' வந்து 20 வருஷம் ஆனதும், வில் ஸ்மித்கூட இல்லாமல் 2016இல் அடுத்த பாகம் எடுத்ததற்குக் கலைத்தாகம் காரணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நம் 'எந்திரன்' சிட்டி ரோபோவைத் துண்டு துண்டாகக் கழற்றி, 2030ஆம் வருஷத்து மியூசியத்தில் நிறுத்தி, கதையைப் பூட்டிச் சாவியையும் தூக்கி எறிந்துவிட்டுத்தான் முடிந்தது. 2018இல் '2.0' அந்தப் பூட்டை உடைத்தது. இந்தப் படங்களெல்லாம் எப்படியும் சுமார்தான், தலைக்குள் ஓடும் படத்தோடு ஒப்பிடாமலே சுமார். ஆனால் பேராசைக்குத் தீனி போடுவது யார்? 'ஃபேன்டம் மெனஸ்' அந்த வருஷம் உலகிலேயே அதிகம் வசூலித்த படம். திட்டியவர்களில் பலர் இரண்டாம் முறையும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் திட்டினார்கள்.

கேட்டதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2015இல் வந்த 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' 1977 படத்தின் பாதையிலேயே நடந்தது. பாலைவனத்து அநாதை, கிரகத்தைத் தகர்க்கும் பேராயுதம், எல்லாம் அப்படியே. "காப்பி" என்றார். 2017இல் 'தி லாஸ்ட் ஜெடை' பாதையை மாற்றியது. "எங்க லூக் இப்படியா இருப்பான்?" என்றார், அந்தப் படத்தை அதிகாரப்பூர்வக் கதையிலிருந்தே நீக்கச் சொல்லி மனு போட்டார், லட்சம் பேருக்குமேல் கையெழுத்தும் போட்டார்கள். மிரண்டுபோனவர்கள் 2019இல் செத்துப்போன பழைய வில்லனை உயிரோடு கொண்டுவந்தார்கள். அதற்கும் திட்டினார். இதுவரை சிரிக்கலாம். 'ஃபேன்டம் மெனஸ்' படத்தின் ஜார் ஜார் பிங்க்ஸ் பாத்திரத்துக்கு உயிர் கொடுத்த அகமது பெஸ்ட், ரசிகர்களின் வெறுப்பில் தற்கொலையின் விளிம்புவரை போனதாக 2018இல் தானே சொன்னார். அதே வருஷம் 'தி லாஸ்ட் ஜெடை'யில் நடித்த கெல்லி மேரி டிரான், தொடர்ந்த வசைகளுக்குப் பிறகு இன்ஸ்டாகிராமில் இருந்த தன் பதிவுகளையெல்லாம் அழித்தார். கதையை எழுதியது அவர்களல்ல. சம்பளத்துக்கு வந்து கொடுத்த வேலையைச் செய்தவர்கள். தன் தலைக்குள் இருந்த படம் திரையில் வரவில்லை என்பதற்காக ஒரு நடிகரின் தூக்கத்தைக் கெடுக்க எவருக்கும் உரிமை கிடையாது. இதை ரசனை என்று சொல்லவும் முடியாது.

2021இல் வந்த 'தி மேட்ரிக்ஸ் ரிசரக்‌ஷன்ஸ்' இவரையே பிடித்துத் திரையில் போட்டது. நீங்கள் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வார்னர் பிரதர்ஸ் அடுத்த பாகத்தை எடுத்தே தீரும் என்று படத்துக்குள்ளேயே ஒருவர் சொல்கிறார். மேஜையைச் சுற்றி ஒரு கூட்டம் உட்கார்ந்து 'மேட்ரிக்ஸ்' என்றால் உண்மையில் என்ன, அடுத்ததில் என்ன இருக்க வேண்டும் என்று ஆளுக்கொன்று அடித்துவிடுகிறது. லானா வச்சோவ்ஸ்கியின் அந்தக் கேலி அச்சு அசல். நம்மவர் அதை ரசித்திருக்க வேண்டும். அவருக்கு உறைத்ததாகவே தெரியவில்லை. "மார்ஃபியஸ் வேஷத்துக்கு ஏன் ஆளை மாத்தினான்?" என்பதோடு நின்றுவிட்டார்.

அவருடைய காத்திருப்புக்கு உண்மையாகவே மரியாதை செய்த படம் ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் அவர் போகவில்லை. 1982இல் 'பிளேடு ரன்னர்' தியேட்டரில் தோற்றது. வருஷங்கள் கழித்துத்தான் அதற்கு பக்தர்கள் சேர்ந்தார்கள். அதன் நாயகன் டெக்கார்ட் மனிதனா, செய்யப்பட்டவனா என்று எடுத்த ரிட்லி ஸ்காட்டும் நடித்த ஹாரிசன் ஃபோர்டும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். 35 வருஷம் கழித்து டெனி வில்னவ் எடுத்த 'பிளேடு ரன்னர் 2049' அந்தக் கேள்வியைக் கேள்வியாகவே விட்டுவைத்தது. அதன் நாயகன் கே, கதையின் அதிசயக் குழந்தை தானே என்று கொஞ்சம் கொஞ்சமாக நம்பிவிடுகிறான். தான் இல்லை என்று தெரிந்த பிறகும் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் பனியில் படுக்கிறான். ரோஜர் டீக்கின்ஸின் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. போட்ட பணத்துக்கேற்ற வசூல் கிடைக்கவில்லை. 163 நிமிஷம், மெதுவாகப் போகிறது என்று யாரோ சொன்னார்களாம், அதனால் நம்மவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். சமீபத்தில்தான் டிவியில் பார்த்தார். மாஸ்டர்பீஸ் என்கிறார். மூன்றாம் பாகம் ஏன் இன்னும் வரவில்லை என்று கம்பெனிக்காரனைத் திட்டுகிறார். அதிலாவது டெக்கார்ட் மனிதனா இல்லையா என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டுமாம்.