வெயிலில் காய்ந்த கட்டைகள்

எங்கள் திருவேங்கடம் பக்கம் டார்ச் லைட்டைக் கட்டைக் கணக்கில்தான், அதாவது பேட்டரிக் கணக்கில்தான் சொல்வார்கள். ரெண்டு கட்டை லைட் வைத்திருந்தால் சாதாரண சம்சாரி. மூணு கட்டை என்றால் கிணறும் பம்புசெட்டும் உள்ளவர். அஞ்சு கட்டைக்காரரிடம் பஞ்சாயத்துக்கே போகலாம். பெரியப்பாவிடம் இருந்தது மூணு கட்டை எவரெடி, பித்தளை உடம்பு. ராத்திரி மூணு பேஸ் கரண்ட் வரும் நேரத்துக்குக் காட்டுக்கு மோட்டார் போடப் போகையில் அதுதான் துணை. வரப்பில் கிடப்பது பாம்பா கயிறா என்று அதன் வெளிச்சத்தில் முடிவு கட்ட முடியாது என்பது வேறு விஷயம்.

மங்கிய கட்டையைத் தூக்கிப் போடும் வழக்கம் அவருக்கில்லை. மிளகாய் வத்தலுக்குப் பக்கத்தில் வெயிலில் காயப்போடுவார். சூடு ஏறினால் உள்ளிருக்கும் ரசாயனத்துக்குக் கொஞ்சம் உயிர் வரும். அன்று ராத்திரி கிணறு வரைக்கும் தாங்கும். மறுபடி மங்கினால் பழசு ரெண்டு, புதுசு ஒண்ணு என்று கலந்து போடுவார். அதற்கும் மசியாவிட்டால் உள்ளங்கையில் ஓங்கி ரெண்டு தட்டு. ஒரேயடியாகச் செத்த கட்டை பிள்ளைகளான எங்களுக்குச் சொந்தம். உடைத்தால் நடுவில் சுவரில் கிறுக்கக் கரிக்குச்சி. அதைச் சுற்றியுள்ள கறுப்பு மாவை ஊமத்தை இலையோடு அரைத்துப் பள்ளிக்கூடக் கரும்பலகைக்குப் பூசினோம். அந்தக் கட்டை செய்த பெரிய கெடுதல், நாள்பட லைட்டுக்குள் ஒழுகிப் பித்தளையைப் பச்சை பூக்க வைத்ததுதான்.

இன்று தம்பி மகன் கையில் இருப்பது ஒத்தைக் கட்டை லைட். அடித்தால் பக்கத்துப் புஞ்சைக்காரர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். உள்ளே இருப்பது 18650: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசிப் பூஜ்யம் உருளை வடிவத்துக்கு. 1991இல் சோனி கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி வம்சம். பழைய கட்டைக்கு 1.5 வோல்ட், இதற்கு 3.7, முழுசாக ஏறினால் 4.2.

பெரியப்பாவின் சிக்கன வித்தைகள் அத்தனையும் இதனிடம் குற்றம். வெயிலில் வைக்கக் கூடாது. ரெண்டு கட்டை லைட்டில் பழசையும் புதுசையும் கலக்கக் கூடாது. இளைத்தது முந்தித் தீர்ந்துபோக, மற்றது அதைப் பூஜ்யத்துக்கும் கீழே இழுத்துவிடும். மேலுறை கிழிந்ததை, தரையில் விழுந்து நசுங்கியதைச் சார்ஜ் போடவே கூடாது. மடியில் சில்லறையோடும் சாவியோடும் முடிந்து வைத்தால் நடுவழியில் வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கும். உடைத்துப் பார்ப்பதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

தீப்பெட்டி ஊர்க்காரர்களுக்கு இதன் குணம் புரியாததல்ல. குச்சி மருந்தில் இருக்கும் பொட்டாசியம் குளோரேட் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே கொடுத்துக்கொள்கிறது. அதனால்தான் உரசியதும் அந்தச் சீற்றம். கோபால்ட், நிக்கல் வகை லித்தியம் கட்டையும் அளவுக்கு மீறிச் சூடானால் ஆக்சிஜனை வெளியே விடும். உள்ளேயே எரியக்கூடிய திரவமும் இருக்கிறது. கோவில்பட்டி, சிவகாசிப் பக்கம் மருந்து அறைக்குள் நுழைய ஆயிரம் கட்டுப்பாடு சொல்லும் ஆட்கள், ராத்திரி இதை மெத்தையில் செருகிச் சார்ஜ் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே குறட்டை விடுகிறார்கள்.

இதில் சாதுவான பிறவியும் உண்டு. லித்தியம் இரும்பு பாஸ்பேட். அதில் பாஸ்பரஸ் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், லேசில் விடாது. அதற்கு வழிகாட்டிய ஆராய்ச்சியில், 1980களில் ஜான் குட்இனஃபோடு இருந்தவர் ஆறுமுகம் மந்திரம். தென் தமிழ்நாட்டில் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து மதுரையில் படித்தவர். குட்இனஃபுக்கு 2019இல் நோபல் கிடைத்தபோது அவருக்கு வயது 97. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பாக நோபல் உரை ஆற்றியது மந்திரம்தான். நம் பக்கத்து ஆள் என்று சொல்லிக்கொள்ளலாம். கடையில் கேட்டால் அந்தக் கட்டைதான் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் 3.2 வோல்ட், லைட் அதற்கு ஒத்துப்போக வேண்டும், 3.65இல் நிறுத்தும் தனிச் சார்ஜரும் வேண்டும்.

கடையில் கிடைப்பது வேறு.

"அண்ணாச்சி, இது எவ்வளவு தாங்கும்?"

"9900 எம்ஏஎச் தம்பி. போட்டிருக்குல்லா."

போட்டிருக்கிறது. பேர்பெற்ற கம்பெனிகளின் இந்த அளவுக் கட்டைகள் பெரும்பாலும் 2000 முதல் 3500 வரைதான். பழைய லேப்டாப்பில் பிடுங்கியதற்குப் புதுச் சட்டை மாட்டியதாகவும் இருக்கலாம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 16046 என்ற எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா, அதிகச் சார்ஜையும் ஷார்ட்டையும் தடுக்கும் பாதுகாப்புச் சுற்று உண்டா என்று கேட்டேன். அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வை, பால்பொடி டப்பாவில் மாட்டின் பெயர் கேட்டவனைப் பார்ப்பதுபோல் இருந்தது.

நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். நல்ல 18650 சுமார் 45 கிராமுக்குக் குறையாது. தம்பி மகன் வாங்கியது 28 நின்றது. "பெரியப்பா, லேசா இருந்தா நல்லதுதானே?" என்றான்.